மலையும் வழிகாட்டியும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற ஐப்பசி மாதத்தில் நாங்கள் பதினால்வர் சிவனொளிபாத மலைக்கு ஏறி வந்தோம். அந்த யாத்திரையைப் பற்றி இச்சபையில் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டார்கள். முதலில் மகிழ்ச்சியோடு உடன்பட்டோம். பின்பு, பேச உட்கார்ந்தபொழுதுதான், சொல்லவேண்டியதில் ஒரு பகுதி எங்களுக்குப் பெருமை தருவதன்று என்பது விளங்கிற்று. அதை விட்டுவிட்டு மற்றதை மாத்திரம் சொல்லலாமா என்றும் ஆலோசித்தோம். அவ்வாறு செய்வது மலைக்கும் நியாயமன்று, எங்களை ஏற்றிவிட்டவருக்கும் நியாயமன்று என்று தீர்மானித்து, யாவரும் கூடி எழுதியதையே இங்கே வாசிக்கிறோம். ஆதலால் இப்பேச்சில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் குற்றமும் குணமும் எங்கள் எல்லோருக்கும் பொது.

யாழ்ப்பாணத்தானுக்கு மலை என்பது புத்தகத்தில் உள்ள பொருள். கீரிமலைக்கு நீராடச் செல்லும் வெளியூரார், கேணியைக் கண்டபின் "மலை எங்கே?" என்று கேட்பதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பனையைவிட உயர்ந்த ஒன்றை அண்ணாந்து பாராமலே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆயினும் மிஷன் பாடசாலையில் படித்தபொழுது மலைகளைப் பற்றி நிறையப் படித்தோம். இலையுதிர் காலத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மலையேறப் போவதும், செந்நிற இலைகள் பாதையில் பரந்து கிடப்பதும் எங்கள் ஆங்கில வாசகப் புத்தகங்களில் படமாக இருந்தன. எங்கள் ஐப்பசியில் இலை உதிர்வதில்லை, மழைதான் உதிர்கிறது. சாரணர் படையில் சேர்ந்து முடிச்சுப் போடவும், திசையறி கருவி பார்க்கவும், தேசப்படம் வாசிக்கவும் கற்றுச் சின்னங்களும் பெற்றோம். ஆகவே மலையேறுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தோம்.

சிவனொளிபாதத்தின் உயரம் 2243 மீற்றர்; பழைய கணக்கில் 7359 அடி. இலங்கையின் மிகவுயர்ந்த சிகரம் அதுவன்று. பீதுருதாலகாலை 2524 மீற்றர். எனினும் கடலிலிருந்து பார்த்த மாலுமிகளுக்கெல்லாம் கூம்பாகத் தனித்து நிற்கும் இச்சிகரமே கண்ணிற் பட்டது. உச்சியிலுள்ள பாறையில் ஒரு பாதச் சுவடு. நாம் அதைச் சிவபெருமானுடைய திருவடி என்கிறோம்; பௌத்தர் புத்தபகவானுடையது என்று ஸ்ரீபாத என்கிறார்கள்; முஸ்லிம்கள் பாவா ஆதமுடையது என்கிறார்கள்; கிறிஸ்தவருட் சிலர் புனித தோமையாரை நினைக்கிறார்கள். ஒரே கல்லுக்கு நான்கு சமயத்தாரும் ஒரே படியால் ஏறுகிறார்கள். அதனைச் சூழ்ந்த வனம் 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில், மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது.

இம்மலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள பழைய தொடர்பு ஒன்றைச் சபையோருக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 1344ஆம் ஆண்டில் மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபன் பதூதா புத்தளக் கரையில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் நம் ஆரியச்சக்கரவர்த்தி. "உமக்கு என்ன வேண்டும்?" என்று அரசர் வினவ, பாதமலையைத் தரிசிப்பதொன்றே தம் விருப்பம் என்றார் அவர். அரசர் பல்லக்குக் கொடுத்ததோடு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் வழக்கமுள்ள நான்கு யோகிகளையும், மூன்று பிராமணரையும், தம் பரிவாரத்தில் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார் என்று அவருடைய பிரயாண நூல் கூறுகிறது. பாதையிலிருந்த இரும்புச் சங்கிலிகளையும், காட்டு அட்டைகளையும், அவற்றை விழுத்த எலுமிச்சம்பழம் பிழிந்ததையுங்கூட அவர் விடாமல் சொல்லியிருக்கிறார்.

பெரியோர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். பிறநாட்டு அறிஞர், பல தேசங்களைக் கண்டவர். ஆயினும் மலைக்குப் போகும்பொழுது முதலில் அவருக்குக் கொடுக்கப்பட்டது வழி தெரிந்த நால்வர். சிங்கள மக்களிடத்தும் இதே வழக்கம் இருந்துவருகிறது. யாத்திரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரை 'நடே குரா' என்பார்கள். பலமுறை ஏறிப் பழகிய முதியவர் அவர். முதன்முறை ஏறுபவர்கள் 'கோடு' எனப்படுவர். எத்தனை படித்தவனாயினும், எவ்வளவு செல்வனாயினும், முதன்முறை ஏறினால் அவன் கோடுதான். நடே குராவின் சொல்லுக்கு அடங்கவேண்டும். குருவின்றி ஒன்றும் ஆகாது என்று சொல்லும் சைவ மக்களாகிய எங்களுக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. ஆனால் எங்களுக்குப் புதிதாகவே இருந்தது.

இனி எங்கள் கதைக்கு வருவோம். பதினால்வரில் பதின்மூவர் யாழ்ப்பாணத்தவர். மற்றவர் எங்களோடு சர்வகலாசாலையிற் பயிலும் ஹற்றன் நண்பர். எங்களுக்கு வழிகாட்டியாக, நல்லதண்ணியை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து முதியவர் ஒருவரை ஏற்பாடு செய்தவரும் அந்நண்பரே. மலைக்குரிய பருவகாலம் மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையில் முடிகிறது. ஐப்பசியில் பாதைக்கு வெளிச்சமில்லை. கடைகள் வெறும் கம்புகளாய் நிற்கும். வழியில் ஆள் இராது. எங்களுக்கோ தீபாவளி விடுமுறைதான் வாய்த்தது. ஆகவே வழிகாட்டி இல்லாமல் முடியாது.

இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் சென்றோம். போகும் வழியில் எங்களுள் ஒருவர், நாளைக்கு நம்மை ஏற்றப்போகிறவரைப் பற்றிப் பரிகாசமாகப் பேசினார். மலையகத் தமிழரைக் குறிக்க நம் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் இழிசொல் ஒன்று உண்டு. அதை இங்கே திருப்பிச் சொல்ல நா எழவில்லை. சொல்லாமலே உங்களுக்கு விளங்கும். அச்சொல்லைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தோம். ஹற்றன் நண்பர் முன் ஆசனத்தில் இருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்ப்பதற்கு இருட்டைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா ஊடாக நல்லதண்ணிக்குப் போனோம். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் பாதையோரத்தில் பரந்து கிடந்தது. 1960களின் கடைசியில் அதைக் கட்டியபொழுது பழைய மஸ்கெலியா பட்டினம் நீரில் மூழ்கியதென்றும், கடும் வரட்சியில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் மேலே தெரியுமென்றும் நண்பர் சொன்னார்.

முதியவரின் வீடு ஒரு லயத்தில் இருந்தது. இளமை முதல் கவ்வாத்து வெட்டியவர்; கைகள் இரண்டும் தேயிலை வேர்போல் இருந்தன. வீட்டு அம்மா எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். இதையும் மறைக்கக் கூடாது: எங்களுள் சிலர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சற்றே தயங்கினோம். நாங்கள் அருந்தும் தேயிலையைப் பறிக்கும் கைகள் தந்த தேநீரை வாயில் வைக்கத் தயங்கினோம்! எதனால் தயங்கினோம் என்று கேட்டால் சொல்வதற்கு எங்களிடம் நியாயம் ஒன்றும் இல்லை. பழக்கம் ஒன்றுதான் இருந்தது.

அப்பொழுது மணி பதினொன்று. முதியவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வேணாம் தம்பி. படுத்து எந்திரிச்சு ராத்திரி ஒரு மணிக்குக் கிளம்புவோம். ஐப்பசி மாசம் மத்தியானத்துக்கு மேல மலை நம்மளுது இல்ல" என்றார். நாங்கள் கேட்கவில்லை. "ஐயா, வானம் வெளிச்சமாய்த்தானே கிடக்குது, அஞ்சு மணிக்குள்ளே திரும்பிவிடலாம்" என்று வற்புறுத்தினோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்து, பிறகு இரண்டு நிபந்தனைகள் வைத்தார். மெதுவாக நடப்பவர் முன்னால் போகவேண்டும். அவர் வேகந்தான் எல்லோருக்கும் வேகம். மற்றது, தாம் திரும்பு என்றால் திரும்பவேண்டும். இரண்டுக்கும் தலையசைத்தோம்.

ஹற்றன் பக்கத்துப் பாதையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. தொடக்கத்தில் தேயிலை மலை. பின்பு ஜப்பானிய பிக்குகளின் சமாதான தாதுகோபம். அப்பால் சீதகங்குல என்னும் குளிர்ந்த ஓடை. அங்கே முகங்கழுவிக்கொண்டு ஏறினோம். அதற்குமேல் காடும் படியுமே. ஓரிடத்தில் படி அரை அடி, அடுத்தது ஒன்றரை அடி; பாசி பிடித்த கல்; இரு பக்கமும் சரிவு. எங்களுள் ஒருவருக்குச் சிறுவயது முதல் தொய்வு உண்டு. நிபந்தனைப்படி அவர் முன்னால் நடந்தார். ஐம்பது படிக்கு ஒருமுறை நின்றார். பின்னால் நின்ற எங்களுக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது.

இரண்டு மணியளவில் முகில் கவிந்தது. எங்கோ மின்னிற்று. நாங்கள் விஞ்ஞான மாணவர் அல்லவா? மின்னலுக்கும் இடிக்கும் இடையே விநாடிகளை எண்ணினோம். ஒலி மூன்று விநாடியில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் செல்லும், பன்னிரண்டு விநாடி, ஆகவே மின்னல் நான்கு கிலோமீற்றருக்கு அப்பால் என்று கணக்குச் சொன்னோம். முதியவர் எண்ணவில்லை. "திரும்புங்க" என்றார். மேலே பார்த்தால் உச்சி முகிலுக்கிடையே தோன்றித் தோன்றி மறைந்தது. கையெட்டும் தூரம்போல இருந்தது. கடைசி ஏற்றத்தில் பிடித்து ஏறுவதற்கு இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. "அந்தக் கம்பியப் புடிச்சுக்கிட்டு இடிக்கு முன்னால நிக்க முடியாது தம்பி" என்று மாத்திரம் சொன்னார். பதினொருவர் நின்றுவிட்டோம். எங்களுள் மூவர், "இன்னும் அரை மணித்தியாலந்தான்" என்று சொல்லிக்கொண்டு மேலே ஓடினோம்.

முதியவர் மற்றவர்களை வழியிலிருந்த ஒரு கல் மடத்தினுள்ளே இருத்தி, ஒருவரும் வெளியே வரக்கூடாது என்று கட்டளையிட்டு, அந்த மூவரையும் தேடி ஏறினார். எழுபதை அண்டிய வயது. கம்பி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே எங்களைக் கண்டார். அதுவரை மரியாதையாகப் பேசியவர், "கையை எடுடா!" என்று கத்தினார். அந்தச் சத்தத்துக்குக் கை தானே விட்டது. பெருமழை கொட்டிற்று. இடி தலைக்குமேல் முழங்கியபொழுது, மின்னலுக்கும் அதற்கும் இடையே எண்ணுவதற்கு ஓர் எண்கூட இருக்கவில்லை. குனிந்து குனிந்து இறங்கினோம். இறங்கும்பொழுது எங்களுள் ஒருவர் சறுக்க, அவரைப் பிடித்த முதியவர் கல்லில் மோதி முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டார்.

ஊர் வந்தபின் படித்து அறிந்தோம்: மின்னல் தோன்றி முப்பது விநாடிக்குள் இடி கேட்டாலே புகலிடம் தேடவேண்டும் என்பது ஒரு விதி. அடுத்த மின்னல் பல கிலோமீற்றர் தாண்டி விழக்கூடும். ஐப்பசி, கார்த்திகையில் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்க, நண்பகலுக்குமேல் முகில் திரண்டு இடிமழை பெய்வது இந்நாட்டுக்கு இயல்பு. 'மத்தியானத்துக்கு மேல மலை நம்மளுது இல்ல' என்று அவர் சொன்னது இதைத்தான். எங்கள் கணக்கில் பெருக்கல் பிழை இல்லை. அந்தக் கணக்கை வைத்து மலையை அளக்கலாம் என்று எண்ணியதுதான் பிழை.

இரவு ஒன்பது மணிக்கு லயத்தை அடைந்தோம். அம்மா வெந்நீர் வைத்து, உலர்ந்த துணி தந்து, ரொட்டியும் சம்பலும் பரிமாறினார். அப்பொழுது யாரும் தயங்கவில்லை. பசி தயக்கத்தைப் போக்கியதென்று சிலர் சொல்லலாம். பசி மாத்திரம் அன்று.

அன்றிரவு அவர் தம் குடும்பத்தைப் பற்றிச் சிறிது சொன்னார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் தென்னிந்தியாவிலிருந்து கங்காணியோடு வந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் வீட்டில் ஒருவருக்கும் நாடு இல்லாமற் போயிற்று. 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்பு தமையனார் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார், அதன்பின் சந்திக்கவில்லை. மிஞ்சியிருந்தவர்களுக்கு வழி திறந்த 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அவர் நாடற்றவராகவே இருந்தார். 1823இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் மலையக மக்களின் வரலாற்றுக்கு 2023இல் இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. தமிழரசுக் கட்சி 1949இல் தோன்றியதற்கே இம்மக்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை முக்கிய காரணம் என்று நாங்கள் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறோம். அந்தப் பிரச்சினை எங்கள் முன்னால் முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டு இருந்தது.

யாத்திரையை இத்தோடு நிறுத்துவோம் என்று நாங்கள் சொன்னோம். அவர் சம்மதிக்கவில்லை. "கால் என்னோடது. நான் பாத்துக்கறேன். வந்தது வந்தீங்க, பாதத்தப் பாக்காம போகக்கூடாது" என்றார். ஒரு மணிக்கு எழுப்பினார். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மெதுவாக நடப்பவர் முன்னால் போகவேண்டும் என்பது விதி அல்லவா? அன்றைக்கு எங்கள் எல்லோரிலும் மெதுவாக நடப்பவர் அவர்தான். தடியூன்றி அவர் முன்னால் நடந்தார். அடுத்துத் தொய்வுள்ள நண்பர். முந்தின நாள் ஓடிய மூவரும் கடைசியில். விளக்குகளின் ஒளியில் ஒரு படி, பின் ஒரு படி. யாரும் முந்த விரும்பவில்லை. முதல்நாள் ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று களைத்த நண்பர், அன்று அந்த நடைக்கு அதிகம் நிற்காமலே ஏறினார்.

சூரியோதயத்துக்கு உச்சியை அடையவில்லை. கடைசிக் கம்பிகளைப் பிடித்து ஏறும்பொழுதே கிழக்கு வெளுத்துச் சூரியன் வந்துவிட்டது. அதற்காக ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மேலே போனபொழுது மலையின் நிழல் மேற்கே முகிற்பரப்பின்மேல் கூரிய முக்கோணமாக நீண்டு கிடந்தது. பருவகாலம் அல்லாமையால் சந்நிதி பூட்டியிருந்தது. வெளியே நின்று தொழுதோம். எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். நாங்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை அடித்தோம். முதியவர் அடிக்கவில்லை. கேட்டோம். "அம்பது தாண்டினதும் விட்டுட்டேன். பின்னால நிக்கிறவங்க எவ்வளவு நேரந்தான் காத்திருப்பாங்க?" என்று சிரித்தார்.

இறங்கும் வழியில் அவர் எங்களைக் கேட்டார்: "யாழ்ப்பாணத்துல மலை இருக்கா தம்பி?" கீரிமலையைப் பற்றிச் சொன்னோம். கடலோரத்தில் நன்னீர் ஊறும் கேணியையும், நல்லூரில் இருபத்தைந்து நாள் நடக்கும் திருவிழாவையும் சொன்னோம். அவர் வடக்கே வந்ததே இல்லையாம். "வாருங்கள் ஐயா" என்று பதின்மூவரும் ஒரே குரலில் அழைத்தோம். அழைத்த பின்புதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வந்தால் எந்த வீட்டில் தங்குவார்? அந்த வீட்டில் எந்த வாசலால் அவரை உள்ளே அழைப்போம்? எந்தப் பாத்திரத்தில் தேநீர் கொடுப்போம்?

ஹற்றனில் பிரியும்பொழுது, பஸ்ஸில் பேசியதற்காக நண்பரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபித்திருந்தால் மனம் ஆறியிருக்கும். "பரவாயில்லை, எனக்குப் பழக்கம்" என்றார்.

பெரியோர்களே, மலையிலே இயற்கை வனப்பைக் கண்டோம், இறைவனுடைய திருவடியைத் தொழுதோம் என்று சொல்லி இப்பேச்சை முடித்திருக்கலாம். இரண்டும் உண்மையே. ஆயினும் நாங்கள் ஏறுவதற்குக் கடினமாயிருந்தது கல்லும் படியும் அல்ல. வழி தெரிந்தவன் சொல்லை, அவன் நம்மவன் அல்லன் என்று நாம் நினைக்கும்பொழுது, ஏற்றுக்கொள்வதே கடினமாயிருந்தது. ஆரியச்சக்கரவர்த்தி அன்று ஒரு விருந்தினரின் பாதுகாப்பை நான்கு யோகிகளின் கையில் ஒப்படைத்தார். அரசரும் விருந்தினரும் அவர்களைத் தாழ்வாக எண்ணவில்லை. ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழித்து, சர்வகலாசாலைப் பட்டத்தை அணுகிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அந்த எளிய மரியாதை தெரியவில்லை.

ஆதலின் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, ஆண்டுதோறும் சங்க வாலிபர்களை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லவேண்டும். பார்வையாளராக அல்ல, அங்குள்ள பெரியவர்களின் சொற்கேட்டு நடக்கும் கோடுகளாக. இரண்டாவது, அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு அந்த முதியவரையும் அவர் மனைவியாரையும், ஹற்றன் பகுதி மாணவர் சிலரையும் சங்கத்தின் விருந்தினராக அழைக்கவேண்டும். செலவை நாங்கள் பதின்மூவரும் சேர்த்துத் தருவோம். ஆனால் வீடு நாங்கள் தர முடியாது, வீடுகள் உங்களுடையவை. அவர்கள் முன்வாசலால் வந்து, உங்களோடு ஒரே பந்தியில் இருந்து உண்பதற்கு எந்தெந்த வீடு திறக்கும் என்று தெரிந்தபின்பே அழைப்புக் கடிதம் எழுத எண்ணியிருக்கிறோம்.

கூட்டம் முடிந்ததும் வாயிலில் ஒரு கொப்பி வைத்திருப்போம். விரும்பும் பெரியோர் தம் பெயரை அதில் எழுதிவிட்டுச் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.